பார்த்தாச்சு

என் சித்தி உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததே இல்லை. டம்ளரைக் கையில் வாங்கியதுமே எழுந்துவிடுவாள். ஜன்னல் கொக்கி மாட்டியிருக்கிறதா, அடுப்புக்குப் போகும் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, மாடிப்படியில் யாராவது வாளியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று வீட்டை ஒரு சுற்று வருவாள். டீ ஆறிப்போன பிறகு நின்றபடியே ஒரே மடக்கில் முடிப்பாள்.

பள்ளி வேன் ஓட்டும் சித்தப்பா அவளுக்கு நேர் எதிர். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவார். "உங்க சித்தி கனவுல நடந்தாக்கூட ஹெல்மெட் போட்டுட்டுதான் நடப்பா," என்பார் என்னிடம். சித்தி சமையலறையிலிருந்து, "நீங்க கனவுலயாவது நடக்கிறீங்களா?" என்று கேட்பாள்.

நிலத்தைத் தயார் செய்து கொடுக்கும் ஒப்பந்தக்காரரிடம் அவளுக்கு வேலை. கட்டடம் கட்டுகிறவர்கள் வருவதற்கு முன்னால் பழைய சுவரை இடிக்க வேண்டும், புதரை வெட்டி வேரைப் பிடுங்க வேண்டும், மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்ப வேண்டும், அஸ்திவாரத்துக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் தோண்ட வேண்டும். அதெல்லாம் எங்கள் வேலை. முடித்துவிட்டு நகர்ந்தால் நாங்கள் செய்தது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் மண்ணுக்குள் போயிருக்கும். எங்கள் என்று நான் சொல்வது, அதே இடத்தில் தகரக் கண்டெய்னர் அறை ஒன்றில் உட்கார்ந்து காகிதங்களைத் தட்டச்சு செய்வது நான் என்பதால்.

பத்தொன்பது வயதில் சித்தி வாசலில் நின்று லாரி எண்களை எழுதுகிறவளாகத்தான் சேர்ந்தாள். பிறகு பதினைந்து நாள் பயிற்சி, ஒரு பரீட்சை. இரண்டாம் முறைதான் தேறினாள். அதன் பிறகு பாதுகாப்பு மேற்பார்வையாளர். தினமும் காலை ஏழு மணிக்குள் எல்லாப் பள்ளங்களையும் சுற்றி வந்துவிடுவாள். தோண்டிய மண்ணை ஓரத்திலேயே குவித்திருக்கிறார்களா, ஏணி ஆடுகிறதா, பக்கச் சுவர்கள் சரியாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்களா, ராத்திரி மழையில் எங்காவது ஊறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். ஒவ்வொரு பள்ளத்தின் தலைமாட்டிலும் ஒரு பலகை நட்டிருக்கும். பார்த்து முடித்ததும் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து அதில் 'பார்த்தாச்சு' என்று எழுதி, பக்கத்தில் நேரத்தையும் போடுவாள்.

அந்தச் சொல் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு இருந்த மேஸ்திரி ஒருவர், "அந்தம்மா எங்க வருது, கண்டெய்னர்ல உட்கார்ந்து ஃபேன் காத்து வாங்கிட்டுப் போகுது," என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். மறுநாளிலிருந்து சித்தி பலகையில் எழுத ஆரம்பித்தாள். வந்தேன், பார்த்தேன், இத்தனை மணிக்கு. மேஸ்திரிக்குச் சொன்ன பதில் அது. அவர் வேலையை விட்டுப் போய் மூன்று வருடமாகிவிட்டது. பதில் மட்டும் பலகைகளில் தொடர்ந்தது. ஆட்கள் அவளைப் 'பார்த்தாச்சு அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாராவது புதுச்சட்டை போட்டு வந்தால், "அக்காகிட்டக் காட்டி எழுதி வாங்கு," என்று சிரிப்பார்கள்.

அவள் எழுதிக் கொடுக்கும் தாளை மாலையில் நான் அரசுப் படிவத்தில் ஏற்றுவேன். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: திருப்தி, திருப்தியில்லை, பொருந்தாது. 'பார்த்தாச்சு'வுக்கு அதில் இடமில்லை. நான் முதல் கட்டத்தில் டிக் போடுவேன். குறை ஏதாவது இருந்தால் அவள் அன்றே ஆளை நிறுத்திச் சரிசெய்துவிடுவாள் என்பதால் அதில் தவறிருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாள் முழுவதும் மழை. திங்கள் காலை நான் போனபோது சித்தி ஏற்கெனவே முழங்கால்வரை சேறாக இருந்தாள். கழிவுநீர்க் குழாய்க்கான பள்ளத்தை முந்தின சனிக்கிழமைதான் எட்டடிக்கு ஆழப்படுத்தியிருந்தார்கள். அதன் ஓரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, தலைமுடி மாதிரி ஒரு விரிசல் நீளவாக்கில் ஓடுவதை அவள் பார்த்தாள். அந்தக் கோடு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து சுவர் மொத்தமாகக் கழன்று விழும். இதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பிறகு ஆயிரம் தடவை சொன்னாள்.

முட்டுக் கட்டைகளும் சிவப்பு நாடாவும் கிடங்கில் இருந்தன. சாக்கட்டி கையில் இருந்தது. பலகையில் எழுதிவிட்டுக் கிடங்குக்கு ஓடினாள். பார்த்தாச்சு, 7.10.

ஏணியை மேலே இழுத்துப் போட்டிருக்கலாம். இழுக்கவில்லை.

குழாய் பொருத்துகிறவரை எல்லோரும் நெட்டை என்பார்கள். ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம். அவர் டீ குடித்துவிட்டு வந்தார், பலகையைப் பார்த்தார், இறங்கினார். சித்தி நாடாச் சுருளோடு கிடங்கிலிருந்து வெளியே வந்தபோது, கனமான ஈரத்துணியைத் தரையில் போட்டது மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். அவ்வளவுதான்.

நெஞ்சுவரை மண். நெட்டையாக இருந்ததால் தலை வெளியே இருந்தது. நான் கண்டெய்னரிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது சித்தி பள்ளத்தின் மேல் நின்று உள்ளே குதிக்கப் போன இரண்டு பேரை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"விடுக்கா! ஆள் சாகிறான்!"

"நீ குதிச்சா மூணு பேர் சாவீங்க! எதிர்ச் சுவரும் ஊறியிருக்கு, முதல்ல முட்டுக் கொடு! பொக்லைனை நிறுத்து, அந்த அதிர்வுல மிச்சமும் வந்துடும்!"

பொக்லைன் ஓட்டுகிறவர் இயந்திரத்தை அணைத்தார். திடீரென்று அமைதி. அந்த அமைதியில் நெட்டை, "அக்கா, மூச்சு முட்டுதுக்கா," என்றார், ஏதோ கடையில் சில்லறை கேட்கிற குரலில்.

"பேசாதே. கைய மட்டும் மேல வச்சுக்கோ. நான் இங்கதான் இருக்கேன்."

கட்டைகளை இறக்கிக் குறுக்கே அடித்து முடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. பிறகுதான் ஆட்களை இறக்கினாள். கையாலும் சட்டியாலும் அள்ளினார்கள். வெளியே எடுத்தபோது அவருடைய ஒரு பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது. மூன்று விலா எலும்பில் விரிசல் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

அன்று மாலை சித்தி பலகையைப் பிடுங்கிப் படுக்கை விரிப்பில் சுற்றிப் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நானும் கூட வந்தேன். கண்டக்டர், "என்னம்மா, கதவா? அதுக்கும் டிக்கெட் எடுக்கணும்," என்றார். எடுத்தாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் எழுத்து வெளியே தெரிய அதை நிறுத்தி வைத்தாள்.

"எதுக்கு சித்தி இது?"

"அங்க இருந்தா அழிச்சிடுவாங்க."

"யாரு?"

"யாரோ." கொஞ்சம் யோசித்தாள். "நானே கூட."

அதன் பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. குக்கரின் ஆவி பலகைப்பக்கம் போனால் அடுப்பை அணைத்தாள். ஈரக்கையோடு யாரும் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. பிளாஸ்டிக் உறை போட்டாள், உறை உரசி அழிந்துவிடுமோ என்று எடுத்தாள். வழக்கமாகச் சுற்றி வருகிற சுற்று இப்போது ஒரே இடத்துக்கு வந்து வந்து முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போனோம். நெட்டையின் கால்கள் கட்டிலைத் தாண்டி ஒரு முக்காலியில் கிடந்தன. அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். சித்தி உட்காரவில்லை. குளுக்கோஸ் பாட்டில் மாட்டிய கம்பி ஆடுகிறதா என்று பிடித்துப் பார்த்தாள்.

"உட்காருக்கா. அது விழாது. விழுந்தா பாட்டில்தான், சுவரில்லை," என்றார் நெட்டை. சிரிக்கப் போனவர் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா இறங்கினே?" சித்தியின் குரல் கோபமாக வந்தது. "ஓரத்துல குனிஞ்சு ஒரு பார்வை பார்த்திருந்தா விரிசல் தெரிஞ்சிருக்குமே."

"நான் எதுக்குக்கா பார்க்கணும்? அதான் நீ எழுதியிருந்தியே." அவர் குற்றம் சொல்லவில்லை. காரணத்தைத்தான் சொன்னார். "உன் எழுத்தைப் பார்த்துட்டா ஏணி ஆடுதான்னுகூடப் பார்க்க மாட்டேன். மத்த சைட்ல எல்லாம் கைய விட்டு மண்ணைக் கிள்ளிப் பார்த்துட்டுத்தான் இறங்குவேன். இவகிட்டயே சொல்லியிருக்கேன், கேளு. அங்க அக்கா இருக்கு, நீ பயப்படாம தூங்குன்னு."

மனைவி தலையாட்டினாள். சித்தி கம்பியை விட்டுவிட்டு ஜன்னலை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

புதன்கிழமை முதலாளி எங்களைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. மருத்துவமனைக்கு முதல் ஆளாகப் போனவர் அவர்தான். ஆனால் மறுநாள் அரசுத் துறை ஆய்வாளர் வரப்போகிறார். உரிமத்தை எடுத்துவிட்டால் நான்கு பொக்லைனும் அறுபது பேரும் தெருவில் நிற்பார்கள். மேஜையில் ஒரு தாள் இருந்தது. காலையில் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தது. 'மேற்பார்வையாளர் அனுமதி மறுத்த பிறகும் தொழிலாளி தன் விருப்பப்படி இறங்கினார்.' கீழே சித்தி கையெழுத்துப் போட இடம்.

"நான் மறுக்கலையே," என்றாள் சித்தி.

"விரிசலைப் பார்த்துட்டு முட்டு எடுக்கத்தானேம்மா ஓடினீங்க? அது மறுப்பு இல்லாம வேற என்ன? மனசுல மறுத்துட்டீங்க. வாயால சொல்லலை, அவ்வளவுதானே."

"பலகையில..."

"எந்தப் பலகை? மழையில அழிஞ்ச பலகையா?" அவர் அவளுடைய கண்ணைப் பார்க்காமல் பேசினார். "உங்களைக் காப்பாத்தத்தாம்மா சொல்றேன். உங்க சான்றிதழ் போச்சுன்னா இந்த வயசுல எங்க போவீங்க?"

"நெட்டைக்கு என்ன ஆகும்?"

"ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கறேன்."

"அதைக் கேட்கலை. நாளைக்கு வேற சைட்ல அவனை யார் இறங்க விடுவாங்க? சொன்ன பேச்சு கேட்காம இறங்கினவன்னு பேர் வந்துடுமே."

முதலாளி பேனாவை அவள்பக்கம் உருட்டிவிட்டார். "நாளைக் காலைல வரைக்கும் யோசிங்க."

அன்று மாலை சித்தப்பா சமையலறை அலமாரியைத் துடைக்கிறேன் என்று ஈரத்துணியோடு கிளம்பினார். வருடத்துக்கு ஒரு நாள் அவருக்கு அப்படித் தோன்றும். சித்தி போட்ட கூச்சலில் அவர் துணியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார்.

"ஒரு பலகைக்காக என்னைக் கொன்னுடுவ போலிருக்கே!" பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் முறையாக அதைப் படித்தார். "பார்த்தாச்சு, ஏழு பத்து. ஏன்மா, சரியாத்தானே எழுதியிருக்க? பார்த்தே இல்ல?"

"பார்த்தேன்."

"அப்புறம் என்ன?"

"படிக்கிறவனுக்கு அது அப்படி இல்லைங்க. எல்லாம் சரியா இருக்கு, இறங்குன்னு படிக்கிறான். மூணு வருஷமா அப்படித்தான் படிச்சிருக்காங்க. எனக்குத்தான் தெரியலை."

சித்தப்பா சுவரில் சாய்ந்தார். "நான் வேன்ல, எல்லாரும் ஏறியாச்சான்னு கேட்பேன். ஏறியாச்சுன்னு கத்துவாங்க. இருந்தாலும் திரும்பி ஒரு தடவை தலையை எண்ணுவேன்."

"ஒரு நாளாவது எண்ணாம எடுத்திருக்கீங்களா?"

துணியைக் காலிலிருந்து எடுத்துப் பிழிந்தார். வெகுநேரம் பிழிந்தார்.

வியாழக்கிழமை ஆய்வாளர் ஒன்பது மணிக்கு வந்தார். ஒல்லியானவர். அதிகம் பேசவில்லை. அவருடைய பூட்ஸில் காய்ந்த சேறு இருந்ததைச் சித்தி கவனித்துவிட்டு, "இவர் நிஜமாவே பார்க்கிற ஆள்," என்று என் காதில் சொன்னாள். மண்குவியல் பள்ளத்தின் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளவு நாடாவைப் பிடித்து அளந்தார். ஏணியை உலுக்கினார். பிறகு கண்டெய்னருக்குள் வந்து உட்கார்ந்தார். முதலாளி தாளை நகர்த்தினார். அதில் கையெழுத்து இல்லை.

சித்தி வெளியே போனாள். ஓடிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். வாசலில் வைத்திருந்த படுக்கை விரிப்பு மூட்டையோடு திரும்பி வந்தாள். பூப்போட்ட விரிப்பை அவிழ்த்துப் பலகையை மேஜைமேல் அந்தத் தாளின் மேலேயே வைத்தாள்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆய்வாளர் படித்தார். "இது யார் எழுத்து?"

"என்னுது சார்."

"என்ன பார்த்தீங்க?"

"விரிசலைப் பார்த்தேன். ஒன்றரை அடி தள்ளி."

"விரிசலைப் பார்த்துட்டா இதை எழுதினீங்க?"

"பார்த்தேன்னுதான் சார் எழுதினேன். இறங்கலாம்னு எழுதலை. ஆனா படிச்சவன் தப்பாப் படிக்கலை. எழுதினதுதான் தப்பு. ஏணியையும் எடுக்கலை. அவனை யாரும் தடுக்கலை சார், அவன் எந்தப் பேச்சையும் மீறலை." ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஆய்வாளரின் நாற்காலிக்குக் கீழே போன மின்கம்பியைக் காலால் ஒதுக்கினாள்.

ஆய்வாளர் கோப்பைக் கேட்டார். நான் கொடுத்தேன். இரண்டு வருடத்துப் படிவங்களை மெதுவாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் முதல் கட்டத்தில் ஒரே மாதிரி டிக்.

"இந்தத் திருப்தி யாருடைய திருப்தி?"

"நான் போட்டது சார்," என்றேன். "அவங்க தாள்ல பார்த்தாச்சுன்னுதான் இருக்கும். அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லை."

"இல்லைன்னா கேட்டிருக்கணும்," என்றார். எழுத ஆரம்பித்தார்.

உரிமம் போகவில்லை. பத்து நாள் வேலை நிறுத்தம், அபராதம், எல்லாப் பள்ளத்துக்கும் முட்டு. நெட்டையின் பெயரில் குற்றம் எதுவும் எழுதப்படவில்லை. சித்தி ஆறு மாதத்துக்கு எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அதன் பிறகு பரீட்சையை மறுபடி எழுத வேண்டும். பலகைகளில் இனி இரண்டே சொற்கள்தான். ஒரு பக்கம் பச்சையில் 'இறங்கலாம்', மறுபக்கம் சிவப்பில் 'இறங்காதே'. இரண்டையும் பெயிண்டில் எழுத வேண்டும்.

வேலை மறுபடி தொடங்கிய பிறகும் முதலாளி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் கண்டெய்னர் வாசலில் நின்று, "கேட்டுல ஆள் இல்லைம்மா. லாரி நம்பர் எழுதணும், கொடி காட்டணும்," என்றார், யாரிடமோ சொல்வது போல. சித்தி போய் நின்றுவிட்டாள்.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. வாசலுக்கு ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அதில் அவளுடைய தண்ணீர் பாட்டில் உட்கார்ந்திருக்கிறது. லாரி பின்னால் வரும்போது கொடியை ஆட்டிக்கொண்டே கண் உள்ளேதான் இருக்கும். புதிதாக வந்த மேற்பார்வையாளர் நல்லவர், நிதானமானவர். அந்த நிதானமே அவளை என்னமோ செய்கிறது. "அந்தாளு எப்படித்தான் நடக்கிறாரோ, கோயிலைச் சுத்தற மாதிரி," என்று மாலையில் பஸ்ஸில் என்னிடம் புலம்புவாள். பள்ளத்தின் பக்கம் அவள் போகக் கூடாது. போவதில்லை. நடுவில் ஐம்பது அடி இருக்கும். அதை வாசலிலிருந்தே ஆயிரம் தடவை நடந்துவிடுகிறாள்.

நெட்டை சென்ற வாரம் வேலைக்குத் திரும்பினார். குனிய முடியாது என்பதால் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். ஹெல்மெட் கொடுத்து வாங்குகிற வேலை.

நேற்றுக் காலை காற்று பலமாக அடித்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி கொடியோடு வாசலில் நின்றவள் திடீரென்று உள்ளே திரும்பி அசையாமல் நின்றாள். அவள் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். மூன்றாம் பள்ளத்தின் பலகை கம்பத்தில் ஒரே ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்புப் பக்கம். காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியது. சிவப்பு, பாதிச் சிவப்பு, பலகையின் விளிம்பு, பிறகு பச்சை. ஒரு நொடி பச்சையிலேயே நின்றது. மறுபடி சிவப்பு.

பள்ளத்தின் அருகில் யாருமில்லை. புது மேற்பார்வையாளர் அடுத்த மூலையில் நிதானமாகக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். பிறகு ஓடினாள். வாசலில் வந்து நின்ற லாரி ஹாரன் அடித்தது. நேராகப் பள்ளத்துக்கு ஓடி ஏணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து மேலே போட்டாள். அதன் பிறகுதான் கிடங்குக்கு வந்தாள். எங்கள் கண்டெய்னரை ஒட்டித்தான் கிடங்கு. சத்தம் எனக்குக் கேட்டது.

"என்னக்கா, பார்த்தாச்சா?" என்றார் நெட்டை.

"பார்த்தேன்," என்றாள் சித்தி, மூச்சிரைக்க. "ஒரு ஆணி பத்தாது. இன்னும் மூணு குடு. சுத்தியும் குடு, சீக்கிரம்."